கண் மூடினால் நடப்பவள்

ஆட்டோ மோட்டார் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றபோது நல்ல உச்சி வெயில். மரக்காணத்து உப்பளத்தில் உச்சி வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. கீழே பாத்திகளில் வெளுத்துக் கிடக்கும் உப்பிலிருந்தும் எழும்பி முகத்தில் அறையும். ஆரோக்கியசெல்வி கண்களைச் சுருக்கிக்கொண்டாள். சுருக்கினாள், அவ்வளவுதான். மூடவில்லை. மூடினால் விழுந்துவிடுவாள்.

"பாத்து எறங்கு," என்றான் அவள் புருஷன் ஜான்சன்.

"பாக்காம எறங்குனாதான அதிசயம்," என்றாள் செல்வி.

வலது காலைப் பார்த்தாள். போ என்று மனதுக்குள் சொன்னாள். கால் போய்த் தரையைத் தொட்டது. இடது காலைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரர், "தண்ணி பாட்டில வுட்டுட்டுப் போறீங்களேம்மா," என்று கூப்பிட, பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பிவிட்டாள். முழங்கால்கள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கின. ஜான்சன் பாய்ந்து அக்குளில் கை கொடுத்து நிறுத்தினான்.

"ஒரு நேரத்துல ஒரு வேலைன்னு ஆஸ்பத்திரில நடக்கப் பழக்கிவுட்ட மேடம் சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. என் கழுத்துக்குக் காது கேக்கல போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வாசற்படி ஏறுவதற்குள் ஜாக்கெட் முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது.

அது பழைய ஓட்டு வீடு. வாய்க்காலில் இருந்து உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஜான்சன்தான் ஓட்டினான். அதனால் முதலாளி அவர்களைக் கொட்டகையை ஒட்டியிருந்த அந்த வீட்டில் குடியிருக்க விட்டிருந்தார். முன்வாசல் ரோட்டைப் பார்த்திருக்கும். பின்வாசலைத் திறந்தால் தண்ணீர்த்தொட்டி, அதைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள். வீட்டுக்குள் உத்தரத்தில் தொட்டில் கட்டிய கயிறு மட்டும் தொங்கியது. தொட்டில் இல்லை. தொட்டிலில் கிடக்க வேண்டியவன் கிளியனூரில் இருந்தான்.

செல்விக்கு வந்தது என்ன வியாதி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பக்கவாதமா என்றார்கள். இல்லை. கை கால்களில் பலம் அப்படியே இருந்தது. சுட்டால் சுடும், குளிர்ந்தால் குளிரும், ஊசி குத்தினால் வலிக்கும், லேசாகத் தொட்டால் மட்டும் தெரியாது. நாமெல்லாம் இருட்டில் சோற்றைப் பிசைந்து நேராக வாயில்தான் வைக்கிறோம், மூக்கில் வைப்பதில்லை. கை எங்கே இருக்கிறது, கால் மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்று உடம்பு உள்ளுக்குள் ஓயாமல் சேதி சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அது நடக்கிறது. அந்தச் சேதி செல்விக்கு நின்றுவிட்டது. காய்ச்சலில் நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில். இனி கண்ணை வைத்துத்தான் உடம்பை ஓட்ட வேண்டுமாம்.

பிள்ளையைத் தவறவிட்டதும் அதனால்தான். காய்ச்சல் விட்ட மறுநாள் ஜெஸ்வினை மடியில் வைத்திருந்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைப் பிடித்திருந்த கைகள் தாமாகவே திறந்துகொண்டன. கீழே போர்வை மடித்துப் போட்டிருந்ததால் நெற்றியில் ஒரு புடைப்போடு போயிற்று. அன்று சாயங்காலமே ஜான்சனின் அக்கா ஜோசப்பின் வந்து பிள்ளையை வாரிக்கொண்டு கிளியனூருக்குப் போய்விட்டாள்.

"நீ பாக்காம புள்ளையப் புடி செல்வி. அன்னைக்கே கொண்டாந்து குடுக்குறேன். அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதில் தப்புச் சொல்ல செல்விக்கு ஒன்றுமில்லை. அதுதான் அவளை அறுத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கொளஞ்சியம்மாள் பார்க்க வந்தாள். செல்வியோடு உப்பு வாருகிறவள், வாய்த்துடுக்கு. கட்டிலில் உட்கார்ந்து செல்வியின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி, எங்க வுட்டுட்டு வந்த உன் கால? பாத்தியிலயே வச்சிட்டு வந்துட்டியா?"

செல்வி சிரித்தாள். சிரித்த வாய் பாதியில் நின்றது.

தை மாதம் பாத்தி மிதித்தார்கள். மழைக்கு இளகிப்போன களிமண் தரையை, வரிசையாக நின்று வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், உப்பு சேறாகும். மிதிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். காலுக்கு மெத்தென்று ஓர் இடம் தட்டுப்பட்டால் உடனே சத்தம் போட்டு எல்லாரையும் நிறுத்த வேண்டும். அந்த இடத்தைத் தோண்டிக் கொட்டிவிட்டு வேறு மண் போட வேண்டும். மேலாக மிதித்து மூடவே கூடாது.

செல்வி மிதித்த மூலையில் மெத்தென்று தட்டுப்பட்டது. அப்போது கொட்டகை நிழலில் தொட்டிலுக்குள் ஜெஸ்வின் வீறிட்டுக்கொண்டிருந்தான். சத்தம் போட்டால் தோண்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போக முடியாது. அவள் மிதித்தாள். காலடியில் ஏதோ புரண்டது. இன்னும் அழுத்தி மிதித்தாள். மறுபடியும் புரண்டது. அது அசைவதை நிறுத்தும்வரை மிதித்துவிட்டு, மேலே சமன் செய்துவிட்டு, ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது.

இதையெல்லாம் அவள் கொளஞ்சியம்மாளிடம் சொல்லவில்லை. "ஆமாக்கா, மறந்துட்டேன், நாளைக்கு எடுத்தாந்து குடு," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துத்தான் அது முதல் தடவை நடந்தது. தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து முகம் கழுவினாள். சோப்பு நுரை கண்ணில் இறங்கியது. மூடித்தான் ஆக வேண்டும். வழக்கமாக அந்த நொடியில் உடம்பே காணாமல் போய்விடும், தலை மட்டும் தனியாக அந்தரத்தில் நிற்கும். அன்று காணாமல் போகவில்லை.

கால் இருந்தது.

கை இருந்தது.

முழங்கால்கள் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தன. வலது கை கன்னத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. முதுகு வளைந்து, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. ஆண்டவரே, திரும்பி வந்துவிட்டது! அவசரமாகத் தண்ணீரை அடித்துக் கண்ணைத் திறந்தாள். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் நீட்டியிருந்தன. கையில் ஜக்கு இருந்தது.

இருந்தாலும் அழுதாள், சந்தோஷத்தில். ஜான்சனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"சரி, கண்ண மூடு. இப்ப உன் எடது கை எங்க இருக்குது?"

செல்வி மூடினாள். "தலைக்கு மேல," என்றாள் உடனே. "மேல மேல பொறாண்டுது."

ஜான்சன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான்.

"இன்னாங்க, சரியா?"

"செல்வி, உன் கை எங்கையில இருக்குது. நான் புடிச்சிருக்கேன்."

அவன் முகம் விழுந்ததைப் பார்த்து அவளே தேற்றினாள். "ஏதோ ஒண்ணு வருதில்ல? மொதல்ல ராங் கால் வரும், அப்புறம் சரியான லைன் கெடைக்கும்." அவனும் தலையாட்டினான். இருவரும் அதை நம்பத்தான் விரும்பினார்கள்.

மறுநாள் கண்ணை மூடியபோது ஒரு முழங்கையை ஊன்றியிருந்தாள்.

அதற்கு மறுநாள் முட்டி போட்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. முதுகை எதுவோ மேலிருந்து அழுத்த, அதை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் எழுந்து நின்றாள்.

செல்விக்குப் பயம் வந்ததா என்று கேட்டால், அப்போது வரவில்லை. நின்றவள் நடக்கத் தொடங்கினாளே! அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது? காலைப் பார்க்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம், அதட்ட வேண்டாம். ஒரு கால் முன்னே போக மறுகால் தானே பின்னால் வருகிறது, கை தானே வீசுகிறது, இடுப்பு தானே திரும்புகிறது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் சாய்ந்து, விழாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நடந்தாள். பசித்தவள் சோற்றுக்குக் காத்திருப்பதுபோல அந்த நேரத்துக்காகக் காத்திருந்தாள்.

பாதங்கள் ஒன்றன் முன் ஒன்றாக வந்தன, குறுகலான வரப்பில் நடப்பதுபோல. கைகள் சமநிலைக்கு விரிந்திருந்தன. ஒருநாள் உடம்பு இடது பக்கம் திரும்பி, ஒரு மேட்டில் ஏறி, மறுபடி வலது பக்கம் திரும்பியது. எத்தனையோ வருஷம் உப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு அப்படித் திரும்பியிருக்கிறாள். இது தெரிந்த வழியாயிற்றே என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஜான்சனைத் தேடி வந்த கொளஞ்சியம்மாள், அவன் இல்லாததால் செல்வியிடம் சொன்னாள். "ஏண்டி, நீ மிதிச்ச மூலையில உப்பே கட்டல. ஆள் நீட்டுக்குப் பள்ளம் வுழுந்து கெடக்குது. மண்ணு வெளிப்பக்கமா சரிஞ்சிருக்குது. உள்ளேர்ந்து யாரோ எழுந்து போன மாதிரி. மேஸ்திரி கத்துறான்."

செல்வி தன் கையைப் பார்த்தாள். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. பார்த்ததால்தான் தெரிந்தது.

மறுநாள் அவள் கண்ணை மூடவே கூடாது என்றிருந்தாள். முடியவில்லை. பின்கதவு திறந்திருந்தது. வாய்க்கால் தெரிய, கட்டிலில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை மூடினாள். வலது கால் உயர்ந்து ஒரு பலகையின் மேல் விழுந்தது. பலகை அமுங்கியது. உடம்பு ஆடி, நிதானித்து, அடுத்த காலை எடுத்து வைத்தது.

திறந்தாள்.

வெள்ளை வெயில். பாத்திகளில் ஒரு காக்கை கூட இல்லை. வாய்க்காலின் மேல் கிடந்த பலகை, யாருமே இல்லாமல், மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஒவ்வொரு காலாகப் பார்த்து, கையைப் பார்த்து, தாழ்ப்பாளைப் பார்த்துப் போட்டு முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அவள் திரும்பி உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஜோசப்பின்.

"செல்வி, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு புள்ளையத் தூக்கிட்டு வர்றேன். ராத்திரியெல்லாம் அழுவுறான். அம்மா மொகம் தேடுது போல. எப்படி இருக்குற, தேவலையா?"

"தேவலை அண்ணி," என்றாள் செல்வி.

வேறு என்ன சொல்ல முடியும்? ஏதோ ஒன்று வருகிறது என்று வாயைத் திறந்தால் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்பார்கள். பிள்ளையை ஜென்மத்துக்கும் தரமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜோசப்பின் பிளாஸ்கும் பையும் பிள்ளையுமாக வந்து இறங்கினாள். ஜெஸ்வின் வளர்ந்திருந்தான். முன்பல் இரண்டு முளைத்திருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் சட்டென்று எட்டிப் பறிக்கும் வயசு. "வாலுடா இவன்," என்று ஜோசப்பின் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். அம்மாவைப் பார்த்ததும் ஒரு கணம் யோசித்தான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி எம்பினான். செல்வி தன் கைகளைப் பார்த்துப் பார்த்து அவனை வாங்கினாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். கன்னத்தில் அவன் மூச்சுப் பட்டது, சூடாக, பால் வாசனையோடு. அதுவே போதும் என்று இருந்தது.

ஆனால் இமைக்காமல் யாரால் இருக்க முடியும்?

இமைத்தாள். படியில் நின்றிருந்தாள்.

இமைத்தாள். வலது கை உயர்ந்திருந்தது.

இமைத்தாள். உள்ளங்கை எதன் மேலோ தட்டையாக அழுந்தியிருந்தது.

பின்கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அசையவில்லை, சத்தமும் இல்லை. ஜான்சன் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டே, அக்காவிடம் கூனிமேட்டில் மீன் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

இமைத்தாள்.

ஒரு கால் உயர்ந்து, நிலைப்படியைத் தாண்டி, உள்ளே விழுந்தது.

கதவு மூடியேதான் இருந்தது. ஈரக் களிமண் வாடை, மழைக்குப் பிறகு பாத்தியைக் கிளறினால் வருமே, அந்த வாடை மீன் குழம்பையும் மீறி அடித்தது. "அண்ணி, புள்ளையத் தூக்கிட்டு ஓடிடுங்க" என்ற வார்த்தை செல்வியின் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வார்த்தையை விழுங்கினாள். மடியில் ஜெஸ்வின் அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். எப்படிச் சொல்வாள்?

சாப்பாடு முடிந்ததும் ஜோசப்பின் கட்டிலுக்கு எதிரே தரையில் முட்டி போட்டாள்.

"கெளம்புறதுக்கு முன்ன ஒரு ஜெபம் சொல்லிடலாம். செல்வி, புள்ளைய நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்க. எல்லாரையும் போல நீயும் கண்ண மூடு. நான் அடியில கை வச்சிருக்குறேன், பயப்படாத. நீ வுடாம இருந்தா இவன இங்கயே வுட்டுட்டுப் போறேன். எனக்கு மட்டும் ஆசையா, தாயையும் புள்ளையையும் பிரிக்க?"

நல்லவள்தான்.

தான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் ஜோசப்பின் நினைத்திருப்பாள். ஆனால் பரலோக மந்திரத்தைத் திறந்த கண்ணோடு சொல்லி அவளுக்கு ஆயுசில் பழக்கமில்லை. முதல் வார்த்தையிலேயே இமை இறங்கிவிட்டது. ஜான்சனும் மூடிக்கொண்டான்.

செல்வி பிள்ளையை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். மூடினாள்.

நின்றுகொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பின்னால், தனக்கே பின்னால். முழங்கால்கள் கட்டில் சட்டத்தில் முட்டின. இடுப்பு வளைந்தது. குனிந்தாள். தன் உச்சந்தலைக்கு மேலே தன் முகவாய் வந்து நின்றது தெரிந்தது.

செல்வியின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று இருந்தது.

இரண்டு பக்கமும் கைகள் முன்னால் நீண்டன. உள்ளங்கைகள் மேல்நோக்கித் திரும்பின. விரல்கள் விரிந்தன. பிறகு அந்தக் கைகளில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது, மெதுவாக, இதமாக. கைகள் அதை நெஞ்சுயரத்தில் அசையாமல் தாங்கின. ஜெஸ்வின் கெக்கெக்கே என்று சிரித்தான்.

ஜோசப்பின் ஆமென் சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னால் செல்வி கண்ணைத் திறந்தாள்.

அவளுடைய கைகள் இரண்டும் மடியின் இரு பக்கமும் துவண்டு கிடந்தன.

பிள்ளை நெஞ்சுக்கு நேராக அந்தரத்தில் நின்றிருந்தான். ஜோசப்பினின் கைகள் அவனுக்கு வெகு கீழே இருந்தன. அவனை யாரும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.

கத்தவேண்டும். கத்தினால் போய்விடும், எல்லாம். செல்வி தன் கைகளைப் பார்த்தாள். வாங்க என்று கெஞ்சினாள். வந்தன. பிள்ளையின் இரு பக்கமும் பதிந்து பிடித்தன. அப்போதுதான் ஜோசப்பின் கண்ணைத் திறந்தாள்.

"அடி என் தங்கமே! அசையவே இல்லையே!"

ஜோசப்பின் அழுதாள், ஜான்சன் அழுதான். செல்வியும் அழுதாள். அவள் அழுததற்கு அவர்கள் வேறு காரணம் நினைத்துக்கொண்டார்கள். உத்தரத்துக் கயிற்றில் ஜான்சன் புடவையைப் போட்டுத் தொட்டில் கட்டினான். ஜோசப்பின் பையைப் பிள்ளையின் துணிமணியோடு அங்கேயே வைத்துவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து இன்னொரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் பால் பவுடர் வாங்கி வர ஜான்சன் பைக்கை எடுத்தான்.

வீட்டில் செல்வியும் ஜெஸ்வினும் மட்டும். மாலை வெயில் ஜன்னல் வழியாகப் பாயில் விழுந்திருந்தது. பாயில் அவன் உட்கார்ந்திருந்தான், தலையணை சாய்மானத்தோடு. களிமண் வாடை இல்லை. செல்வி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மூடினாள்.

நடந்துகொண்டிருந்தாள். வரப்பில் ஒன்றன் முன் ஒன்றாகப் பாதங்கள். வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

சேசுவே, போகிறது! செல்விக்கு உடம்பெல்லாம் லேசானது. போகட்டும். கைகளைக் கொடுத்தது, பிள்ளையைத் தந்தது, போகட்டும்.

ஆனால் அந்த நடை முன்போல் இல்லை.

இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்திருந்தது. இடது கை வளைந்து எதையோ அணைத்திருந்தது. பிள்ளையைத் தூக்கி நடக்கும் எந்தப் பொம்பளைக்கும் தெரியும் அந்த நடை.

திறந்தாள். ஜெஸ்வின் பாயில்தான் இருந்தான். உயிர் வந்தது. ஓடிப்போய்த் தொட வேண்டும் என்று தவித்தாள். ஓட முடியாது. கால் காலாகப் பார்த்துப் போய் எதிரில் உட்கார்ந்து, கிலுகிலுப்பையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இந்தா கண்ணு, புடி."

பிள்ளை கிலுகிலுப்பையைப் பார்த்தான். சிரித்தான். கை வரவில்லை.

"புடிடா. அத்தை கண்ணாடிய பறிச்சியே, இத பறி பாப்போம்."

ஜெஸ்வினின் சிரிப்பு நின்றது. மெதுவாகத் தலையைக் குனிந்தான். பாயின் மேல் கிடந்த தன் வலது கையை உற்றுப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. கை எழுந்தது, தயங்கித் தயங்கி, அவன் பார்வை போன வழியே வந்து கிலுகிலுப்பையைத் தொட்டது.

வெளியே பைக் சத்தம் கேட்டது. பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவன் கை தொப்பென்று பாயில் விழுந்தது.

செல்வி கண்ணை மூடினாள். இடுப்பில் இரண்டு சின்ன முழங்கால்கள் இறுக்கிக்கொண்டிருந்தன. திரும்பு என்றாள். அந்தக் கால்கள் அவள் கால்கள்தான், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. திரும்பு, திரும்பிடு, உன் கால்ல வுழறேன் என்று கதறினாள். அவை தெற்கே, பாத்திகளைப் பார்த்து, நிதானமாக நடந்தன.

ஜான்சன் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். மகனுக்கு எதிரில் மண்டியிட்டுக் கையைத் தட்டினான்.

"டேய் ஜெஸ்வின், அப்பா வந்துட்டேன் பாரு! இன்னாடா இது, என்னப் பாக்காம உன் கையவே மொறச்சிக்கிட்டு இருக்குற?"